ஏழு பாட்டில் வெள்ளம்

வெள்ளத்தைப் பற்றி மூன்று வருடம் ஆராய்ச்சி செய்தவள் நான். முதல் இரண்டு வருடம் மழையே இல்லை. மூன்றாவது வருடம் வெள்ளம் வந்தது. அன்று எனக்கு விடுமுறை.

கொல்லிமலையிலிருந்து இறங்கி, நாமக்கல் பக்கத்துச் சமவெளியில் ஓர் ஏரியில் போய் விழும் ஓடை அது. மழைக்காலத்தில் அது எவ்வளவு தண்ணீர் கொண்டுவருகிறது, எவ்வளவு மண் கொண்டுவருகிறது, அந்தத் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அளப்பதுதான் எங்கள் திட்டம். நான் திட்ட உதவியாளர். அதாவது, பேராசிரியர் யோசிப்பார், நான் பாட்டில் கழுவுவேன். அஸ்தம்பட்டியில் என் வாடகை அறை. அங்கிருந்து ஸ்கூட்டியில் ராசிபுரம் வழியாக மலையடிவாரம் வரை மாதம் இரண்டு முறை போய், ஓடையில் தண்ணீர் இல்லை என்பதை நேரில் பார்த்து உறுதிசெய்துகொண்டு திரும்புவேன். பேராசிரியர் அதற்குள் வேறு ஆறுகளின் வெள்ளப் படங்களைத் திரையில் போட்டு, குளிரூட்டிய அரங்குகளில் நான்கைந்து உரை நிகழ்த்திவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள் என்று சொன்னார்.

நீர்மட்டம் பார்ப்பதற்காக ஓடைப் பாலத்தின் சுவரில் அளவுகோல் ஒன்றை வரைந்திருந்தோம். வெயிலில் நின்று நானே கோடு போட்டேன். அடுத்த முறை போனபோது அதன்மேல் வெள்ளை அடித்து, ஒரு கட்சித் தலைவரின் முகத்தைப் பெரிதாக வரைந்து வைத்திருந்தார்கள். பேராசிரியரிடம் சொன்னேன். ஓட்டமே இல்லாத ஓடைக்கு அளவு எதற்கு, தேர்தல் முடியட்டும் என்றார். தேர்தல் முடிந்தது. தலைவர் சுவரிலேயே இருந்தார்.

பாலத்தை ஒட்டி ஒரு வீடு. அதில் நாற்பது வயதை ஒட்டிய ஓர் அக்கா. கணவர் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனவர், வருடத்துக்கு இரண்டு முறை வருவார். நாலைந்து ஆடுகளும் அந்த வீடும் அக்காவின் பொறுப்பு. எங்கள் திட்டப் படிவத்தில் 'உள்ளூர் மக்கள் பங்கேற்பு' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்ப எனக்கு ஆள் தேவைப்பட்டது. வெள்ளம் வந்தால் போனில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்று கேட்டேன். சரிங்க என்றார்.

முதல் நாள் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்ததும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கிணற்றுத் தண்ணீர். முந்தின நாள் தூறல் விழுந்ததில் லேசாகக் கலங்கியிருந்தது. நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சொம்பை ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து என் பாட்டிலை எடுத்துக் குடித்தேன். தண்ணீரின் தரத்தைப் படித்தவள் இந்த அளவுக்குக்கூட ஜாக்கிரதையாக இல்லாவிட்டால் படித்து என்ன பயன் என்று அன்று மனதுக்குள் மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது.

அன்று அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவர்கள் ஏரி வண்டல் படிந்து மேடேறிவிட்டது. நல்ல மழை பெய்தால் தண்ணீர் ஏரியில் நிற்க இடமில்லாமல் ஊருக்குள் ஏறுகிறது. தூர்வாரச் சொல்லி மனு கொடுத்தால், மலையிலிருந்து மண் வருகிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். நான் அளக்கப் போவது அந்த ஆதாரத்துக்கு ஆகுமா?

ஆகும் என்றேன். அறிக்கை வந்துவிட்டால் யாராலும் மறுக்க முடியாது என்றும் சேர்த்துச் சொன்னேன். கேட்டவருக்கு வாக்குக் கொடுப்பதில் அந்த வயதில் எனக்குக் கஞ்சத்தனமே இருந்ததில்லை.

மூன்றாவது வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் ஆய்வகத்தில் பூஜை நடந்தது. கருவிகளை எல்லாம் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, வரிசையாக மேசையில் அடுக்கினோம். தண்ணீரின் கலங்கலை அளக்கும் கருவிக்கு பேராசிரியரே தம் கையால் பொட்டு வைத்தார். சரியாக அதன் கண்ணாடியின்மேல் வைத்தார். பிறகு பொரியும் கடலையும் எல்லோருக்கும் கிடைத்தன. ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விஜயதசமி அன்று காலையில்தான் திறக்க வேண்டும், அதுவரை எதையும் எடுக்கக் கூடாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்காவிடமிருந்து போன். ராத்திரியெல்லாம் மலையில் மழை என்றார்.

"தண்ணி செக்கச்செவேல்னு வருதுங்க அம்மிணி. தலைவரு மீசை முழுகிப்போச்சுங்க."

எங்கள் திட்டத்தில் பதிவான ஒரே நீர்மட்டம் அதுதான்.

பேராசிரியரை அழைத்தேன். பூஜையில் வைத்ததை நடுவில் எடுக்கலாமா, நீ படித்த பெண்தானே என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்த அம்மாவிடம் காலி பாட்டில் இருக்கிறதல்லவா, பிடித்து வைக்கச் சொல், அதற்குத்தானே மக்கள் பங்கேற்பு என்றார்.

நான் போயிருக்கலாம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டு உரிமையாளர் வீட்டிலிருந்து பொங்கலும் சுண்டலும் வந்திருந்தன. போகவில்லை. பிற்பாடு கேட்டவர்களிடம் வழியில் தரைப்பாலம் முழுகியிருந்தது என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அது முழுகியது மத்தியானத்துக்கு மேல்.

முன்பு ஒருமுறை நான் கொடுத்து வைத்திருந்த ஏழு காலி பாட்டில்கள் அக்காவிடம் இருந்தன. மணிக்கு ஒன்று பிடிக்க வேண்டும், நேரத்தை எழுதிக் கட்ட வேண்டும், ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது என்று போனிலேயே பாடம் நடத்தினேன். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டுதான் நடத்தினேன். நான் பார்த்துக்கறனுங்க என்றார்.

விஜயதசமி அன்று கருவிகளின் பொட்டை அழித்துவிட்டு, சாயங்காலமாகத்தான் போய்ச் சேர முடிந்தது. அவர் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. வாசல் முழுக்கச் சகதி. அக்கா இல்லை. ஆடுகளை மேட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வரப் போயிருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆட்டுக்கல்லின் மேல் ஏழு பாட்டில்களும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய சீட்டு. பத்தரை, பதினொன்றரை என்று குண்டு குண்டான எழுத்து.

உள்ளே இருந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

ஓடையைப் பார்த்தேன். வடிந்த பிறகும் சுக்குக் காபி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிலைப் பார்த்தேன். எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டிவிட்டு, பாட்டில்களை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தேன். மூன்று வருடத் திட்டத்துக்கு அந்த ஏழு பாட்டிலை விட்டால் வேறு வெள்ளம் கிடையாது. திட்டம் நீண்டால் என் வேலையும் நீளும்.

ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தால், கலங்கல் என்று ஒன்று இல்லவே இல்லை. எங்கள் கேன்டீன் கேன் தண்ணீர் அதைவிடக் கலங்கல். ஆனால் அலுமினியம் தூக்கலாக இருந்தது, சல்பேட்டும் அப்படியே. நான் பயந்துகொண்டு தாளை நீட்டினேன். பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். கொல்லிமலையில் பாக்சைட் இருக்கிறதே, அலுமினியத் தாது, வெள்ளம் அதைக் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறது என்றார். மண் ஏன் இல்லை? மலைக்காடு மண்ணைப் பிடித்து நிறுத்திவிட்டது. பலகையில் மலையை வரைந்தார், காட்டை வரைந்தார், அம்புக்குறி அம்புக்குறியாகப் போட்டார். இருபது நிமிடத்தில் ஒரு கோட்பாடே தயார். பாட்டில் பிடித்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்ற யோசனை மட்டும் அந்த அம்புக்குறிகளுக்கு நடுவே எங்கும் வரவில்லை. அவருக்கும் வரவில்லை, எனக்கு வந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

அறிக்கையைத் தட்டச்சு செய்யும் வேலை என்னுடையது. பாதி வரை சரசரவென்று போனது. பிறகு இந்த வரி வந்தது: 'வெள்ளக் காலத்திலும் இந்த ஓடையில் மண் குறிப்பிடும்படி வரவில்லை, ஏரி மேடேறுவதற்கு இது காரணமாக இருக்க வாய்ப்பில்லை.' தட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி மனு கொடுக்கப் போகிறவர்களின் முகத்தில் இந்த வரியைத்தான் நீட்டுவார்கள். அக்கா கேட்ட ஆதாரத்தை, அவருக்கே எதிராக நான் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். மறுநாள் ஸ்கூட்டியை எடுத்தேன்.

அக்கா வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

"ஏனுங்க அம்மிணி, தண்ணி தெளிவா இருந்துச்சுங்களா?"

ரொம்பத் தெளிவு, எப்படி என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வாசற்படிக்கு மேலே காட்டினார். திருஷ்டிக்காகப் படிகாரக் கட்டியைத் தொங்கவிடும் கறுப்புக் கயிறு அங்கே வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

நடந்ததை அவர் வரிசையாகச் சொன்னார். பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிய வாளியால் மணிக்கு ஒரு தரம் மொண்டிருக்கிறார். மழையில் நனைந்துகொண்டு, வாசலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே, ஏழு மணி நேரம். ஒன்றோடு ஒன்று கலக்காமலிருக்கப் பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிய ஏழு குடங்கள். குடங்களைப் பரண்மேல் ஏற்றி, பூஜைக்கு வாங்கிய படிகாரத்தை ஒவ்வொன்றிலும் விட்டுச் சுற்றியிருக்கிறார். விடிவதற்குள் மண் அடியில் தங்கிவிட்டது. மேலே நின்ற தெளிவைக் கணவரின் புது வேட்டியில் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றியிருக்கிறார். படிகாரம் என்பதே அலுமினியமும் சல்பேட்டும் சேர்ந்த உப்புதான். எங்கள் பேராசிரியரின் பாக்சைட் மலை மொத்தமும் அந்தக் கறுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அடியில் தங்கிய மண் எங்கே என்று கேட்டேன். அது இருந்தாலும் போதும், காயவைத்து நிறுத்துப் பார்த்திருக்கலாம். கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டாராம். செடி நன்றாகத் தழைத்திருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏனக்கா இப்படிச் செய்தீர்கள், அந்த மண்ணுக்காகத்தானே மூன்று வருடமாக அலைகிறேன் என்று குரலை உயர்த்தியே கேட்டுவிட்டேன். மண்ணோடு வேண்டும் என்று போனில் நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவர் திகைத்துப்போய் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மொத நாளு வந்தப்ப சொம்புல தண்ணி குடுத்தனுங்க. கொஞ்சம் கலங்கலா இருந்துச்சு. நீங்க பாத்துட்டு ஓரமா வெச்சுட்டீங்க. கலங்கத் தண்ணி உங்களுக்கு ஆகாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டனுங்க. அதையவே போயி எப்பிடிங்க பாட்டல்ல புடிச்சுக் குடுக்கறது?"

அவர் குரலில் குறை சொல்லும் தொனி துளிகூட இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். வெட்கமாக இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கறிவேப்பிலைச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இது நம் இருவருக்குள் இருக்கட்டுமே என்றார். முடியாது என்று எழுதியே கொடுத்தேன். அந்த வரி அறிக்கையிலிருந்து போனது. ஏழு பாட்டில்களும் போயின, மலைக்காடும் அம்புக்குறிகளும் போயின. 'வெள்ளக் காலத் தரவு கிடைக்கவில்லை' என்ற ஒரு வரி மிஞ்சியது. திட்டமும் முடிந்தது, என் வேலையும் முடிந்தது. ஏரி இன்னும் மேடாகவே இருக்கிறது.

அதெல்லாம் மறுநாள். அன்று அங்கேயே, வாசலில் நின்றபடி, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் அக்கா என்று கேட்டேன். அந்தக் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருந்தாலும் சொம்போடு வாங்கிக் குடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது கையில் சொம்பு இல்லை. கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடி உடைக்காதது. அதன்மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க கேட்டா குடுக்கலாம்னு அப்பவே வாங்கி வெச்சதுங்க. இத்தன நாளா நீங்க கேக்கவே இல்லீங்க."

மூடியைத் திருகினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றதால் முழுவதையும் குடித்தேன். நல்லாருக்குதுங்களா என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.