எஸ்தர் ஒரு ஜெபக் குறிப்பு ஆனாள்

போன ஞாயிறு எங்கள் சபை ஒரு பிள்ளைக்காக உருகி உருகி ஜெபித்தது. அந்தப் பிள்ளை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஜெபித்தவருக்கு அது தெரியாது.

குண்டசாலையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடி அசைந்துதான் வரும். நாங்கள் பிந்திப் போய்க் கடைசி வாங்கில் ஒதுங்கி உட்கார்ந்தோம். முன்னால் ஜோயல் ஜெபம் நடத்திக்கொண்டிருந்தான். கம்பஸில் இறுதி வருடம், அங்குள்ள மாணவர் ஜெபக் குழுவின் தலைவன், எங்கள் சபைக்குச் செல்லப்பிள்ளை. கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னான்.

"பின்வாங்கிப் போற எங்க தங்கச்சி எஸ்தரை உங்க கையில தர்றோம் ஆண்டவரே. சாத்தான் அவங்க விசுவாசத்தைத் திருடிட்டான். திருப்பிக் குடுங்க."

சபை 'ஆமென்' என்றது. நானும் சொன்னேன். வாய்க்குப் பழகிப்போன சொல்... சொல்லி முடித்த பிறகுதான் பெயரே காதில் ஏறியது.

திரும்பிப் பார்த்தேன். எஸ்தர் கண்ணைத் திறக்கவில்லை. மடியில் இருந்த குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்கு எஸ்தரைத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் போர்டிங் இருப்பவள். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கம்பஸ் கிடைத்தபோது அவளுடைய சின்னச் சபை அவளை முன்னால் முழங்காலிட வைத்து, தலையில் கை வைத்து, அழுது வழியனுப்பியது. இங்கே கொண்டுவந்து விட்ட அவளுடைய அப்பா, சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசுவாசத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். என் கணவரும் பெரிய மனிதர் மாதிரி, "ஓம், நாங்கள் பாத்துக்கொள்ளுறம்" என்று வாக்குக் கொடுத்தார்.

பார்த்துக்கொள்ள எங்களுக்கு வேலையே இருக்கவில்லை. காலையில் நான் தேத்தண்ணி ஊற்றும்போது மேலே ஜெபப் பாட்டு கேட்கும். சுருதி அவ்வளவு சேராது. ஆனால் அந்தப் பாட்டில்தான் எங்கள் வீடு விடிந்தது.

பிறகு அந்த மழை வந்தது.

எங்களுக்கெல்லாம் தெரிந்த மழைதான். பாதைகள் உடைந்தன, போன்கள் செத்தன, எந்தத் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் கண்டி முழுக்க ஆட்கள் அலைந்தார்கள். எஸ்தருடைய தோட்டத்திலும் மண்சரிவு. அவள் வீட்டார் இருந்த வரிசை வீட்டு லயத்துக்குச் சற்று மேலே மண் நின்றுவிட்டது. மேல் லயம் போய்விட்டது. அதில் சுமதியும் போனாள். அவளுடைய அம்மாவும் போனாள்.

சுமதி யார்? எஸ்தரோடு ஏ.எல். வரை ஒரே வாங்கில் படித்தவள். கம்பஸுக்குப் புள்ளி போதவில்லை, கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நின்றாள். சனிக்கிழமைகளில் எஸ்தரைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவாள், வந்தால் கொத்து ரொட்டி வாங்கி வருவாள். நெற்றியில் திருநீறு, வாயில் ஓயாத சிரிப்பு. மழை வலுக்கிறது, அம்மா பயப்படுவாள் என்று அன்று கடையில் சொல்லிவிட்டு ஊருக்குப் போயிருந்தாள்.

கம்பஸ் திரும்பத் திறந்தது. ஜெபக் குழு கூடியது. நமக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது அல்லவா — ஆபத்தில் தப்பியவர் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். ஜோயல் எஸ்தரை எழுப்பினான். உங்கள் லயத்தைக் கர்த்தர் தொடாமல் காத்தாரே, சொல்லுங்கள் என்றான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அப்படித்தான் நாம் எல்லாரும் கேட்போம்.

எஸ்தர் எழுந்து நின்று, "எங்க லயம் தப்பிச்சது. சுமதி லயம் தப்பல்ல. இதுல சாட்சி சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குப் பதிலாக ஜோயலே நன்றி சொல்லி ஜெபித்தான். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எஸ்தர் சொல்லவில்லை.

அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். ஒரு ஆமென் குறைந்தது!

நாம் கிறிஸ்தவர்கள், ஊர்வம்பு பேச மாட்டோம். ஜெபக் குறிப்புதான் கொடுப்போம். வம்புக்காவது கொஞ்சம் கூச்சம் உண்டு, குரலைத் தாழ்த்திப் பேசுவோம். ஜெபக் குறிப்புக்கு மைக் வைத்திருக்கிறோம்.

'எஸ்தர் மனம் உடைந்திருக்கிறாள்' என்று வாட்ஸ்அப்பில் புறப்பட்டது. அடுத்த குழுவில் 'ஜெபிக்க முடியாமல் இருக்கிறாள்' ஆனது. பிறகு 'கூட்டங்களுக்கு வருவதில்லை'. பன்வில போய்ச் சேரும்போது அவளுக்கு வேறு மதத்துக் காதலன் ஒருவனும் கிடைத்திருந்தான். அவளுடைய அப்பா போன் எடுத்து முதலில் கேட்டது சுமதியைப் பற்றி அல்ல. அந்தப் பையன் யார் என்றுதான் கேட்டார். சுமதியைத் தோண்டி எடுத்தபோது பக்கத்தில் நின்ற மனிதர் அவர். பாவம், அவருக்கும் பயம்.

'பிள்ளை கம்பஸ் போகிறது, விசுவாசத்தை எப்படிக் காப்பாற்றுவது?' என்று பெற்றோர் பலர் எனக்கு எழுதுகிறீர்கள். ராகிங்குக்குப் பயப்படுகிறீர்கள். கட்சிக்கூட்டத்துக்கு, பார்ட்டிக்கு, கடவுள் இல்லை என்று வகுப்பில் சொல்லும் விரிவுரையாளருக்கு... ஒருவராவது நம் ஜெபக் குழுவுக்குப் பயப்பட்டு எழுதியதில்லை. நானும் பயப்பட்டதில்லை.

மழைக்குப் பிறகு மேல்மாடியில் பாட்டு நின்றது உண்மை. ஆனால் சத்தம் நிற்கவில்லை. ஒரு காலையில் உடுப்புக் காயப்போட மேலே போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் யாரையோ அதட்டுவது கேட்டது. போனில் அப்பாவுடன் சண்டை என்று நினைத்தேன். "அவ என்ன பண்ணினா? சொல்லுங்க. நான் கேக்குறேன்ல" என்று அழுதுகொண்டே கேட்டாள். போனைக் கீழே, நான் சமைக்கும் குசினியில்தான் சார்ஜில் போட்டிருந்தாள்.

ஆண்டவரிடம் அப்படிப் பேச எனக்குத் துணிவு வந்ததில்லை. நான் நன்றி சொல்லி, வேண்டியதைக் கேட்டு, மரியாதையாக எழுந்து வருகிறவள். கதவுக்கு வெளியே ஈரத் துணியோடு நின்று, இந்தப் பிள்ளையின் விசுவாசத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். கேட்க மாட்டார் என்று நினைக்கிற கடவுளிடம் யார் இப்படி மல்லுக்கு நிற்பார்கள்?

அதனால்தான் போன ஞாயிறு, கட்டாயப்படுத்திச் சபைக்குக் கூட்டிப் போனேன். வா பிள்ளை, மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்றேன்.

ஆராதனை முடிந்ததும் அவளைக் கண்டவர்கள் திகைத்துப் போனார்கள். ஒரு அன்ட்டி கட்டிப்பிடித்து அழுதார். இன்னொருவர், ஆண்டவர் உன்னைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார் என்று கையைக் குலுக்கினார். ஜோயல் மட்டும் முகம் வெளிறித் தூரத்திலேயே நின்றான். எஸ்தர் எல்லாருக்கும் தலையாட்டினாள்.

ஆட்டோவில் வரும்போதுதான் பேசினாள்.

"இவ்வளவு நாளும் சண்டை பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் அன்ட்டி. கோவமா இருந்தாலும் அவரு கேக்குறாருன்னு தெரியும். இன்னைக்குக் கண்ணை மூடினா ஜோயல் அண்ணா குரல்தான் கேக்குது. இப்ப சண்டை பிடிக்கவும் வரல்ல."

இத்தனை வருடம் வாராவாரம் உங்களுக்குப் புத்தி சொல்லும் நான், அந்த ஆட்டோவுக்குள் செய்தது ஒன்றுதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திங்கள், செவ்வாய் மேல்மாடியில் பாட்டும் இல்லை, அதட்டலும் இல்லை. நான் காது கொடுத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

புதன்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். எங்கே பிள்ளை போறாய் என்று கேட்டேன். மண்சரிவில் தப்பிய சுமதியின் அப்பா பள்ளிக்கூட முகாமில் தனியாக இருக்கிறாராம். அவருக்குச் சமைக்கத் தெரியாதாம். இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். ஞாயிறு சபைக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் ஜோயல் இன்னும் இரண்டு பேரோடு வந்து கேட்டில் நின்றான். கண்கள் சிவந்திருந்தன. எஸ்தர் இல்லை என்றேன். எங்கே என்று கேட்டான். சுமதியின் அப்பாவிடம் என்றேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப நாங்க அவங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போறோம் அன்ட்டி."

வந்த பிள்ளைகளைத் துரத்தவா முடியும்? கதிரை போட்டேன். ஜோயல் ஜெபித்தான். எஸ்தருடைய கண்கள் திறக்கப்பட வேண்டும் என்று நீளமாக, உண்மையாக, அழுதுகொண்டே ஜெபித்தான். சுமதி என்ற பெயர் அதில் கடைசி வரை வரவில்லை.

மற்ற இருவரும் ஆமென் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஜோயல் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

இந்த ஞாயிறு ஜெபக் குறிப்பில் என் பெயரும் இருக்கும்.