பன்னிரண்டாவது பெட்டி யாருக்கு?

ஊருக்கெல்லாம் அவள் பார்சல் அக்கா. எனக்கு மட்டும் கூடப்பிறந்த அக்கா. அதனால் அவளைப் பற்றிக் குறை சொல்ல எனக்குக் கூடுதல் உரிமை உண்டு. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அவள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் எல்லையோரம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வேறு நாடு. ஆன்லைனில் வெளிநாட்டுப் பொருள் வாங்கினால் அது எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துசேர மாதக்கணக்காகும். அதனால் எல்லாரும் பாலத்துக்கு அந்தப் பக்கம், டயர் கடைக்கு அடுத்திருக்கும் பார்சல் கடையின் விலாசத்தைக் கொடுத்துவிடுவார்கள். வியாழக்கிழமைதோறும் அக்கா போய் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பாலத்தின் இந்த முனையில் உள்ள சுங்க அலுவலகத்தில் பெட்டிக்கு ஒரு படிவம் எழுதி, வரி கட்டி, முத்திரை வாங்கி, அவரவரிடம் சேர்ப்பாள். அதற்கென்று அரசாங்கம் கொடுத்த முகவர் அட்டை அவள் கழுத்தில் தொங்கும். அத்தான் போன பிறகு இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கியது அந்த அட்டைதான்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. மூடிய பெட்டியை அப்படியே எடுத்துவர மாட்டாள். பார்சல் கடை மேசையிலேயே ஒவ்வொன்றையும் பிரித்து, பில்லோடு ஒப்பிட்டு, போட்டோ எடுத்து, தன்னுடைய பச்சை டேப்பால் மறுபடி ஒட்டுவாள். பிறகுதான் வண்டியில் ஏற்றுவாள். இப்படிப் பிரித்தபோதுதான் சலூன்காரர் ஆசை ஆசையாக வாங்கிய சுழல் நாற்காலி உள்ளங்கை அளவில் வெளியே வந்தது. படத்தைப் பார்த்த மனுஷர் அளவைப் பார்க்கவில்லை. அக்கா சிரிக்காமல் 'பொம்மை நாற்காலி, ஒன்று' என்று எழுதி முத்திரை வாங்கினாள். சலூன் கண்ணாடிக்கு முன்னால் இன்றைக்கும் அது கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது.

"கிஃப்ட்னு எழுதிடுக்கா", "விலையப் பாதியாப் போடுக்கா" என்று கெஞ்சாத ஆள் ஊரில் கிடையாது. "பாதி விலை போட்டா பாதிப் பொருள்தான் தருவேன், பரவாயில்லையா?" என்பாள். சுங்க அலுவலக வெயிட்டிங் ஹாலில் மற்ற முகவர்கள் அவளுக்கு 'சத்தியம்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். "இதோ வந்தாச்சு சத்தியம், இன்னிக்கு வரிசை நகர்ந்த மாதிரிதான்" என்று முணுமுணுப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

இந்தக் கதை நடந்த வியாழக்கிழமை நானும் அவளோடு போனேன். காரணம் அவள் முட்டி. ஏழு மாதமாக முட்டிவலி என்று செவ்வாயும் வெள்ளியும் எங்கோ வைத்தியத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெட்டி தூக்கி இன்னும் கெடுத்துக்கொள்ளப் போகிறாளே என்று எனக்குக் கவலை. "நீ எதுக்குடி வெட்டியா லீவு போட்டுட்டு" என்று அவள் என்னைக் கழற்றிவிடப் படாத பாடு பட்டாள். நானா விடுவேன்? வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மொத்தம் பன்னிரண்டு பெட்டி. பதினொன்றை நான் பிரித்தேன், அவள் எழுதினாள். பன்னிரண்டாவதை மட்டும் என் கைக்குக் கொடுக்கவில்லை. "இத நான் பாத்துக்கறேன்" என்று மூலையில் திரும்பி நின்று ஒட்டிவிட்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சுங்க ஜன்னலில் அன்றைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரியம்மா. வயது முப்பதுகூட இருக்காது. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்து, நிதானமாகப் படித்து, முத்திரை குத்தினார். பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதைத் திறந்தார். உள்ளே நாலு சக்கரம் வைத்த சிவப்பு ஸ்கேட்டிங் ஷூ ஒரு ஜோடி. படிவத்தைப் பார்த்தார். ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார்.

"பெறுபவருக்கு வயசு எட்டுன்னு போட்டிருக்கீங்க. அளவு முப்பத்தொன்பது இருக்கே, பெரியவங்க சைஸாச்சே?"

நான் எட்டிப் பார்த்தேன். பெறுபவர் என்ற இடத்தில் என் மகள் பெயர்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்!

முகவர் அட்டைக்கு உயிர்நாடியே ஒரு விதிதான். பொருள் யாருடையது என்பதில் பொய் இருக்கக் கூடாது. முத்திரை விழுமுன் நாமே திருத்திச் சொன்னால் அது பிழை, மன்னிப்பு உண்டு. விழுந்த பிறகு பிடிபட்டால் அட்டை போயே போய்விடும். எனக்கு இதைப் பாடம் நடத்தியவளே அக்காதான்.

"குழந்தையோட அம்மா யாரு?"

"நான்தாங்க."

"இது உங்க பொண்ணுக்கா?"

அக்காவைப் பார்த்தேன். தலையைத் தொங்கப் போட்டிருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. அவள் பிழைப்பு கண்ணெதிரே போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஆமா மேடம். என் பொண்ணுக்குக் கொஞ்சம் பெரிய காலு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரியம்மா சிரிக்கவில்லை. என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு முத்திரையைக் கையில் எடுத்தார்.

"குத்தாதீங்க மேடம்!" அக்காவின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "அவ பொய் சொல்றா. நானும் பொய்தான் எழுதியிருக்கேன்."

முத்திரை அந்தரத்தில் நின்றது.

"அப்ப யாருக்கு இது?"

"எனக்கு."

"என்ன?"

"எனக்குத்தாங்க. நான் போட்டுக்க."

ஹாலில் எழுந்த சிரிப்பில் கூரை பறந்துபோகாதது ஆச்சரியம். சரக்கு டிரைவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். "சத்தியத்துக்குச் சக்கரம் வேணுமாம்டா!" என்றான் ஒரு முகவன். எனக்கு வந்த கோபத்துக்கு அவனைக் கடித்தே இருப்பேன். அக்காவின் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனால் தலை நிமிர்ந்துவிட்டது.

"இதுக்குத்தான் மேடம் பயந்தேன்," என்றாள். "நாப்பத்தொம்போது வயசுல ஸ்கேட்டிங்கான்னு சிரிப்பாங்கன்னு. அதான் புள்ள பேரப் போட்டேன். தப்புதான்."

அதிகாரியம்மா முத்திரையை மைப்பெட்டியில் திருப்பி வைத்தார். "நல்ல வேளை, முன்னாடியே சொன்னீங்க. ஆனா முகவர் அட்டையில சொந்தப் பொருள் கொண்டுவர முடியாது. பயணி படிவம் எழுதணும். இது விற்கறதுக்கு இல்ல, நீங்க போட்டுக்கத்தான்னு எனக்கும் நம்பிக்கை வரணும்ல?"

"போட்டுக் காட்டட்டுமா?"

"இங்கயா?"

அதற்குள் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டாள். "அக்கா, முட்டி!" என்று அலறினேன். "முட்டிக்கு என்னடி, கல்லு மாதிரி இருக்கு" என்றபடி நாடாவை இழுத்துக் கட்டினாள். ஏழு மாத வைத்தியம் எங்கே நடந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஸ்டேடியத்துக்குப் பின்னால் வாடகைக்கு ஷூ கொடுத்துச் சொல்லித்தருகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கேதான். நான் வேறு வாராவாரம் அந்த முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்! காலை நீட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் மேலடி" என்று சொல்லிச் சொல்லித் தேய்க்க வைத்தாள் அந்தக் கள்ளி.

எழுந்து நின்றாள். ஒருமுறை தள்ளாடினாள். சிரித்துக்கொண்டிருந்த டிரைவர்களே தள்ளுவண்டிகளை ஓரம் கட்டி வழிவிட்டார்கள். வழுவழுவென்ற தரை. முதல் பத்தடி மெதுவாகப் போனாள். பிறகு எடை மேடையைச் சுற்றினாள், தூணைச் சுற்றினாள், வேகமெடுத்தாள். கழுத்து அட்டை தோளுக்குப் பின்னால் பறந்தது. திரும்பி வரும்போது சட்டென்று உடம்பைத் திருப்பிப் பின்பக்கமாகவே வந்தாள். பின்பக்கமாக! படி ஏறும்போதுகூடக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும் என் அக்கா! யார் முதலில் கை தட்டியது என்று தெரியவில்லை. கடைசிவரை தட்டியது நான்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கூடவே கொஞ்சம் வெட்கமும். இத்தனை வருஷத்தில் உனக்கு என்ன வேண்டும் என்று நான் அவளை ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

ஜன்னல் விளிம்பைப் பிடித்து நின்றாள். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் பல்.

"வீட்டுல தெரியுமா?" என்று கேட்டார் அதிகாரியம்மா. இப்போது அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைக் கடைக்கண்ணால் பார்த்தாள். "இப்பத் தெரியும்."

அதிகாரியம்மா பழைய படிவத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, வெள்ளை நிறத்தில் பயணி படிவம் ஒன்றை நீட்டினார். சக்கரக் காலோடு நின்றபடியே அக்கா எழுதத் தொடங்கினாள். பெறுபவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். அடுத்தது அடையாள எண். பேனா நின்றுவிட்டது.

சலூன்காரர் எண், கணக்கு டீச்சர் எண், என் எண், என் மகள் எண் என்று ஊரில் அறுபது பேருடைய எண்ணை அவள் மடமடவென்று ஒப்பிப்பாள். தன் எண் அவளுக்குத் தெரியவில்லை. முகவராக இருந்த பதினான்கு வருஷத்தில் ஒரு படிவத்திலும் அதை எழுத வேண்டி வந்ததில்லை.

"பைக்குள்ள இருக்கும்டி, எடுத்து வாசி," என்றாள்.

பையின் அடியில் கிடந்த அடையாள அட்டையைத் தேடி எடுத்து ஒவ்வொரு இலக்கமாக வாசித்தேன். மூன்றாவது இலக்கம் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுடி," என்றாள் அக்கா. "மொத மொத எனக்குன்னு எழுதறேன். தப்பு வந்துடக் கூடாது."

ஹாலுக்கே கேட்கும்படி வாசித்தேன்.