பச்சைப்பழத்துக்குப் பதில் பூவன்

அண்ணனுக்குக் கல்யாணம் ஆகும்வரை பைக்கில் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த இடம் என்னுடையது. பள்ளிக்கூடம், மாவு மில், திருப்போரூர் சந்நிதித் தெரு, எங்கே போனாலும் அந்த இடத்தில் நான்தான். கல்யாணமான மறுநாள் அங்கே அண்ணி உட்கார்ந்தாள். என்னைத் தூக்கி முன்னால் டேங்க் மேல் வைத்தார்கள். காற்று நேராக முகத்தில் அடித்தது. கண்ணில் தண்ணி வந்தது. காற்று என்று சொன்னேன். அவர்களும் நம்பினார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயசு.

அண்ணன் மாமல்லபுரத்தில், வெள்ளைக்காரர்கள் வந்து சாப்பிடும் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்த்தான். தினமும் போய் வருவான். வரும்போது அந்த ஓட்டலில் விற்கும் வாழைப்பழ கேக்கில் உடைந்து போன ஓரங்களைப் பொட்டலம் கட்டி எடுத்து வருவான். மெனு கார்டில் அதற்குப் பேர் பனானா பை. எங்கள் வீட்டில் அது கேக்தான். கீழே பிஸ்கட், நடுவில் பழுப்பாக ஒரு பாகு, மேலே பழமும் கிரீமும். ஒரு பொட்டலம், அதுவும் எனக்கு. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பொட்டலம் வந்தது.

அண்ணி தன்னுடையதையும் பிரித்து என்னிடமே கொடுப்பாள். வாங்கித் தின்பேன். தின்றுவிட்டு, எனக்கு வரவேண்டியதைத்தானே எனக்குத் தருகிறாள் என்று நினைப்பேன்.

அவளிடம் குறை தேடினேன். சரியாகக் கிடைக்கவில்லை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்தவள். நூறு பேருக்கு ஆக்கின கை. குழம்பு நன்றாக இருந்தது. அதுதான் முதல் குறை. அம்மா என்னிடம் சொல்லும் வேலையை எல்லாம் சொல்வதற்கு முன்னாலேயே செய்து முடித்தாள். அது இரண்டாவது. மூன்றாவதுதான் பெரிசு. அண்ணன் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவான். அவளும் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவன் மட்டும் கூப்பிட வேண்டிய பேர் அது.

கல்யாணமாகி ஐந்தாறு மாசம் இருக்கும். அண்ணன் ஒரு சேதியோடு வந்தான். ஓட்டலில் அந்த கேக் செய்துகொண்டிருந்த ஆள் ஊரைப் பார்க்கப் போய்விட்டான். வெளிநாட்டுக்காரர்கள் வரும் சமயம். முதலாளிக்கு உடனே ஆள் வேண்டும். உன் பெண்டாட்டி கேன்டீனில் இருந்தவள்தானே, ஞாயிற்றுக்கிழமை ஒன்று செய்து எடுத்து வா, சரியாக வந்தால் இரண்டு பேருக்கும் இங்கேயே வேலை, மாடியில் ரூமும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அப்பாவும் அம்மாவும் தலையாட்டினார்கள். அண்ணி தண்ணி எடுத்துவர எழுந்து போனாள். நான் சோற்றைப் பிசைந்தபடி ஒரே விஷயத்தை நினைத்தேன். கேக் நன்றாக வந்தால் அண்ணன் இந்த வீட்டை விட்டுப் போகிறான். வராவிட்டால் இருக்கிறான்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் சர்க்கரை போட்ட கெட்டிப்பால் டின் ஒன்று, மேரி பிஸ்கட், வெண்ணெய், ஒரு டப்பாவில் கிரீம் எல்லாம் கொண்டுவந்து வைத்தான். இந்த கேக்கை வேகவைக்க வேண்டியதில்லை, எல்லாம் அடுக்குகிற வேலைதான் என்றான். பாகு மட்டும் முதல் நாளே ஆக வேண்டும். பால் டின்னைத் திறக்காமல் அப்படியே தண்ணியில் மூழ்க வைத்து மூன்று மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். உள்ளே பால் தானாகப் பாகாகிவிடும். தண்ணி டின்னுக்குக் கீழே இறங்கிவிட்டால் டின் வெடிக்கும்.

மூன்று மணி நேரம் கேஸ் எரிக்க அம்மா விடவில்லை. பின்பக்கம் விறகடுப்பில் வை என்றாள். தண்ணி இறங்காமல் பார்க்கும் வேலை எனக்கு வந்தது.

அடுப்பின் முன் சொம்போடு உட்கார்ந்தேன். தண்ணி இறங்கிக்கொண்டே வந்தது. ஊற்றாமல் விட்டால் என்ன என்று தோன்றியது. கொஞ்ச நேரம் ஊற்றாமலும் இருந்தேன். அதற்குள் அண்ணி முருங்கைக்கீரை முறத்தை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வெடித்தால் அவள் மேல் வெடிக்கும். என் மேலும் வெடிக்கும். சொம்பு நிறைய ஊற்றினேன்.

கீரை ஆய்ந்துகொண்டே அவள் கேட்டாள்.

"நாங்க பூட்டா நீ இன்னா பண்ணுவ பாப்பா?"

"உங்க கட்டில்ல நான் படுத்துக்குவேன்."

அவள் சிரித்தாள். பிறகு, "எனக்கு அங்க யாரையும் தெரியாது" என்றாள். நான் விறகை உள்ளே தள்ளிவிட்டேன்.

டின் நல்லபடியாக வெந்தது. ராத்திரி முழுக்கத் தண்ணியிலேயே ஆறவிட்டார்கள். கெடுப்பதற்கு எனக்கு மிச்சம் இருந்தது பழம் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அண்ணன் ஐஸ் வாங்கிவரப் போனான். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டியில் புதுசாக ஒன்று வாங்கி, ஐஸ் போட்டு, அதற்குள் கேக்கை வைத்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. போகும்போது என்னிடம் சொன்னான்: "பச்சப்பழம் ஆறு. நல்லா பழுத்ததா. வேற எதும் வாங்கியாராத." பச்சைப்பழம் என்றால் பழுத்தாலும் தோல் பச்சையாக இருக்கிற ரகம்; ஓட்டலில் அதுதான் போடுவார்கள். பெரிசாக, மெத்தென்று, சர்க்கரைபோல இருக்கும்.

கோயில் பக்கத்துக் கடையில் பச்சைப்பழம் தார் தாராகத் தொங்கியது. நான் பூவன் கேட்டேன். அதிலும் இன்னும் காம்பு பச்சையாக இருக்கிற சீப்பைக் காட்டினேன். பூவன் பழுத்தாலே லேசாகப் புளிக்கும். பழுக்காதது நன்றாகவே புளிக்கும். கடைக்காரர் அர்ச்சனைக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்ப இன்னும் பழுத்ததா எடுத்துக்கோ, சாமிக்கு என்றார். இதுவே போதும் என்றேன்.

வீட்டில் அண்ணி வேலையைப் பாதி முடித்திருந்தாள். பிஸ்கட்டை அம்மியில் நுணுக்கி, வெண்ணெயை உருக்கி ஊற்றிப் பிசைந்து, எவர்சில்வர் தட்டில் அழுத்தி வைத்திருந்தாள். டின்னைத் திறந்தபோது பாகு நல்ல கருப்பட்டி நிறத்தில் இருந்தது. அதைக் கரண்டியால் பரப்பினாள். நான் பழத்தை நீட்டினேன்.

ஒன்றை உரித்தாள். ஒரு வில்லை நறுக்கி வாயில் போட்டாள். மெல்வதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"எந்தக் கடைல வாங்குன?"

சொன்னேன்.

"பச்சப்பழம் இல்லியா?"

"இல்ல."

சீப்பைத் திருப்பிப் பார்த்தாள். அண்ணன் வருகிற நேரம் இன்னும் ஆகவில்லை. அம்மாவைக் கடைக்கு ஒரு நடை அனுப்பியிருக்கலாம். அவள் குனிந்து பழத்தை வில்லை வில்லையாக நறுக்கி அடுக்கினாள். மேலே கிரீமைத் தடவி மூடினாள். பழம் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. பூவன் போட்டால் கேக் கெட்டுவிடும் என்று இவளுக்குத் தெரியவில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன்.

நானும் வருவேன் என்று அழுதேன். அழைத்துப் போனார்கள். பூஞ்சேரி தாண்டும்போது பெட்டியை மடியில் வைத்திருந்த அண்ணியிடம் அண்ணன், பயமா இருக்கா என்று கேட்டான். அவள் என்ன சொன்னாள் என்று முன்னால் இருந்த எனக்குக் கேட்கவில்லை.

ஓட்டல் முதலாளி பனியனோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கேக்கை வெட்டச் சொல்லி, தான் தின்னாமல், மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு வயசான வெள்ளைக்காரம்மாவுக்கு அனுப்பினார். வருஷா வருஷம் வந்து மாசக்கணக்கில் தங்கும் அம்மாவாம். அந்தம்மா தின்னும்போது முதலாளி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தார். தட்டு காலியானது. ஸ்பூனால் வழிப்பது கேட்டது. அந்தம்மா இன்னொரு துண்டு வேண்டும் என்று விரலைக் காட்டினார்.

அப்புறம்தான் முதலாளி தனக்கு ஒன்று வாங்கினார்.

"முன்ன இருந்தவன் பண்றது ரெண்டு ஸ்பூன் துன்னா தெகட்டும். இது உள்ள போய்கினே கீது. இன்னா பழம்டா போட்ட?"

"பச்சப்பழந்தான் அண்ணாத்த" என்றான் அண்ணன்.

அவர் கிரீமை விலக்கி ஒரு வில்லையை எடுத்துக் காட்டினார். "இதா? இது பூவன்டா. லேசா புளிப்பு வருது பாரு. அதான் தெகட்டல. கறுக்கவும் இல்ல."

அண்ணன் என்னைப் பார்த்தான். அதற்குள் அண்ணி சொன்னாள்.

"நாந்தான் பூவன் வாங்கியாரச் சொன்னேன்."

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். தாலி கட்டினபோதுகூட அவன் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. கெடுக்கத்தான் வாங்கினேன். ஆனாலும் என் பழம். எனக்கு வரவேண்டிய பேரை அவள் தூக்கிக்கொண்டாள் என்று பற்றி எரிந்தது.

"நாந்தான் வாங்குனேன்" என்றேன்.

"வாங்குனது நீ. சொன்னது அண்ணிடி" என்றான் அண்ணன்.

அதற்கு மேல் பேச முடியாது. பேசினால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

முதலாளி அடுத்த வாரமே வந்துவிடச் சொன்னார். அண்ணி மெல்ல, தினமும் வீட்டிலிருந்து வந்து போகட்டுமா என்று கேட்டாள். காலையில் ஆறு மணிக்கு கிச்சனில் நிற்க வேண்டும், திருப்போரூரிலிருந்து எப்படி வருவாய் என்றார் அவர். அவள் சரி என்றாள். திரும்பி வரும் வழியில் அண்ணன் மட்டும் பேசிக்கொண்டே வந்தான்.

பல வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தபோது, அண்ணியே இதை எடுத்தாள். ஓட்டல் கிச்சனில் பிஸ்கட் நுணுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"ஒரு வில்லை வாயில போட்டப்பவே தெரியும். புளிச்சாப் புளிக்கட்டும்னு உட்டுட்டேன்."

ஏன் என்று கேட்டேன்.

"உங்க வூட்ட உட்டுப் போவ மனசு இல்ல."

அவளுக்கு அப்பா அம்மா இல்லை. சின்ன வயசிலிருந்து ஹாஸ்டல், பிறகு கம்பெனி ரூம். வரிசையில் தட்டை நீட்டிச் சாப்பிட்டே வளர்ந்தவள். இதெல்லாம் கல்யாணத்தின்போதே எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன. அவள் சொன்ன பிறகுதான் உறைத்தது.

"சோத்த போட்டுட்டு எதிர்ல குந்திகினு, இன்னும் கொஞ்சம் வைக்கட்டான்னு எங்கிட்ட கேட்ட மொத ஆளு உங்கம்மாதான்" என்றாள். அவ்வளவுதான். வெண்ணெய் உருகிவிட்டதா பார் என்று என்னை அடுப்புப் பக்கம் அனுப்பிவிட்டாள்.

அந்தக் கேக் கெட்டுப் போக வேண்டும் என்று அன்றைக்கு இரண்டு பேர் இருந்திருக்கிறோம். ஒருத்தி நினைத்தது மற்றவளுக்குத் தெரியாது.

அப்போது அவர்கள் எங்கள் வீட்டை விட்டுப் போன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சின்ன வண்டி ஒன்று வந்தது. பாத்திர மூட்டை, பாய், இரண்டு டிரங்குப் பெட்டி. எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அண்ணன் வண்டிக்காரரோடு முன்னால் ஏறிவிட்டான். அண்ணி ஏறவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். முதலில் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு சத்தம் வந்தது. மாமல்லபுரம் என்ன சீமையா, ஒரு மணி நேரம் என்று அம்மா முதுகைத் தட்டினாள். அவள் விடவில்லை.

எனக்கு விளங்கவில்லை. அண்ணன் அவளோடு போகிறான். வேலை கிடைத்தது, மாடி ரூம் கிடைத்தது, என் பழத்தின் பேரும் அவளுக்கே போனது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறவள் எதற்கு அழுகிறாள். அழ வேண்டியது நான். நான் அழவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா நடிக்கிறா" என்று அவளிடம் சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை. அண்ணிக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன். கேட்டது. அம்மாவின் கையை விட்டுவிட்டு வண்டியில் ஏறினாள்.