ஏறுகிற வண்டிக்கே வழி

1959 பிப்ரவரிக் கடைசியில் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அத்தான் கடை ஏணியிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார், மாவுக்கட்டு போட்டிருக்கிறது, மார்ச் பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு நுவரெலியா அரசாங்கக் கச்சேரியில் பிரஜாவுரிமை விசாரணை, காரை ஓட்ட ஆள் இல்லை, நீ வந்து போ. இவ்வளவுதான் கடிதம். நான் கும்பகோணத்தில் பன்னிரண்டு வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறவன். நம்மை விட்டால் வேறு யார் என்ற எண்ணத்தோடு பெட்டியைக் கட்டினேன். இலங்கை மலைநாட்டில் சொந்தமாக வண்டி ஓட்ட நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். முக்கியமாக, என்னைப் போல எல்லாம் தெரிந்தவர்களுக்கு.

முதலில் காகிதங்கள். பாஸ்போர்ட்டும் விசாவும் தவிர, சென்னையில் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் எடுத்துக்கொள்ளுங்கள், நம் லைசென்ஸ் மட்டும் அங்கே செல்லாது. எனக்கு அது கைக்கு வர ஒன்பது நாள் ஆயிற்று. திருச்சியில் விடியற்காலை போட் மெயில், மாலையில் தனுஷ்கோடியிலிருந்து கப்பல், தலைமன்னாரில் இரவு ரயில், பொல்காவலையில் இறங்கி மலை ரயில். மறுநாள் பகல் ஒரு மணிக்கு ஹட்டன். மூன்றாம் வகுப்பில் எல்லாம் சேர்த்து இருபத்தாறு ரூபாய் ஆனது. வட்டவளை தாண்டியதும் கம்பளி இல்லாமல் உட்கார முடியாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக் கடைத்தெரு பதின்மூன்று மைல். அங்கிருந்து தோட்டத்துப் பாதையில் நாலு மைல் மேலே ஏறினால் அத்தானின் பலசரக்குக் கடை. அத்தான் அங்கே போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அக்காவும் மூன்று பிள்ளைகளும் அவருடைய ஒரே மனுவில்தான் இருக்கிறார்கள். எட்டு வருஷம் கிடந்த மனு அது. குறித்த நேரத்தில் ஆள் வராவிட்டால் தள்ளிவிடுவோம் என்று அழைப்புக் காகிதத்திலேயே அச்சடித்திருந்தார்கள். தள்ளிவிட்டால் ஐந்து பேரும் அந்த நாட்டுக்காரர்கள் இல்லை, நம் நாட்டிலும் அவர்களுக்கு ஒரு பதிவும் கிடையாது.

அத்தான் நிதானமான மனிதர். முதல் நாளே பஸ்ஸில் போய் நுவரெலியாவில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிடலாம் என்றார். நான்தான் கேட்கவில்லை. "நாப்பத்தாறு மைலுக்கு ஒரு ராத்திரி தங்குறதா? நான் எதுக்கு வந்திருக்கேன்?" என்றேன். அந்த வார்த்தையை இப்போது எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அவருடைய கார் பழைய ஆஸ்டின். பெட்ரோல் கேலன் இரண்டே முக்கால் ரூபாய், முழு டாங்கி போட்டுக்கொண்டேன். நம் ஊரைப் போலவே அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். அதனால் விதிகளெல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன். முந்தின நாள் மாலை அத்தான் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "ஏர்ற வண்டிக்குத்தான் வழி, தம்பி. எறங்குறவன் ஒதுங்கி நிக்கணும்." சரி சரி என்று தலையை ஆட்டினேன். கும்பகோணத்தில் ஏற்றம் என்றால் காவிரிப் பாலம்தான்.

பதினேழாம் தேதி காலை ஆறு நாற்பதுக்குக் கிளம்பினோம். அத்தான் முன்னால், அக்கா பின்னால். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டு மலைக்கு ஏறிக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ஒதுங்கி நின்றார்கள். அந்த நாலு மைல் பாதையில் ஒரு வண்டிக்குத்தான் இடம் உண்டு. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் தேயிலைச் சரிவு. கால் மைலுக்கு ஒருமுறை மலையை வெட்டி, ஒரு வண்டி ஒதுங்கி நிற்க இடம் விட்டிருக்கிறார்கள். இறங்குகிறவன் கீழே எஞ்சின் சத்தம் கேட்டால் அங்கே நின்றுவிட வேண்டும். நான் நிற்கவில்லை. சந்தை நாளில் கும்பகோணம் கடைத்தெருவில் எப்படிப் போவேனோ அப்படியே, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் இறங்கினேன். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் காரைப் பார்த்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். நல்ல மரியாதை தெரிந்த ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஹாரன விடு தம்பி," என்றார் அத்தான். வளைவு வருகிறதே என்றேன்.

அந்த வளைவைத் திரும்பியதும் எதிரே லாரி. தோட்டத்து ஃபாக்டரிக்கு விறகு ஏற்றிக்கொண்டு மேலே வந்தது. என் ஹாரனைக் கேட்டு நடு ஏற்றத்தில் நின்றிருந்தது. கிளீனர், நாற்பது வயதுக்காரர், ஏற்கனவே குதித்துப் பின் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருகியிருந்தார். டிரைவர் இறங்கி ஓடி வந்தார். பெயர் பெருமாள் என்பது பிறகு தெரிந்தது.

"யாருக்குங்க முடியல?" என்று கேட்டுக்கொண்டே பின் கதவைத் திறந்து அக்காவைப் பார்த்தார்.

யாருக்கும் ஒன்றுமில்லை என்றேன். அவர் என்னையே பார்த்தார். அத்தான்தான் தலையைக் குனிந்துகொண்டு விளக்கினார். அந்தப் பக்கத்தில் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்குவது ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோகும் வண்டி மட்டும்தான். பிரசவமோ, மலையில் விழுந்தவரோ, அல்லது உயிர் போகிற நிலையில் இருப்பவரோ. அதைக் கேட்டால் எந்த வண்டியும் நின்றுவிடும். அந்தக் கிழவர் எதற்காகத் தலைத்துணியை அவிழ்த்தார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஏத்தத்துல நிப்பாட்டிட்டீங்களேய்யா," என்றார் பெருமாள். சத்தம் போடவில்லை. "மூணு டன் வெறகு. சரி, பின்னுக்கு எடுங்க. மேல ஒதுங்குற எடம் இருக்கு."

மேலே இருந்த அந்த இடம் முந்நூறு கஜம் தள்ளி, நடுவில் இரண்டு வளைவு. செங்குத்தான பாதையில் பின்னோக்கி ஏற்ற நான் என்றைக்குமே பழகினதில்லை. மூன்று தடவை எஞ்சின் நின்றது. நாலாவது தடவை ஒரு வளைவு வரை போய், இடது பின் சக்கரம் கானுக்குள் இறங்கப் பார்த்தது. தண்ணீர் ஓடும் அந்தக் கான் இரண்டடி ஆழம். திரும்பவும் பழைய இடத்துக்கே வந்து நின்றேன். கிளட்ச் கருகும் நாற்றம் அடித்தது. பெருமாள் என்னை இறக்கிவிட்டு அவரே உட்கார்ந்து பார்த்தார். பத்தடி ஏறியது, பிடிக்கவில்லை. உடனே நிறுத்திவிட்டார்.

"இன்னும் ரெண்டு தடவ பாத்தா இது ஹட்டனுக்கே போவாது. எங்க போறீங்க?"

அக்கா அழைப்புக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். "நுவரெலியாவுல பத்து மணிக்கு விசாரணைங்க. போகலைன்னா பேர வெட்டிருவாங்க."

அவர் அந்தக் காகிதத்தை வாங்கி, தேதியையும் நேரத்தையும் பார்த்தபடியே நின்றார். அவ்வளவு நேரம் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, "கட்டைய எடுத்துட்டு பின்னால நட," என்று கிளீனரிடம் சொன்னார்.

விதிப்படி வழி அவருக்குத்தான். தப்பு முழுவதும் என்னுடையது. ஆனாலும் மூன்று டன் விறகோடு அந்த லாரியைப் பின்னோக்கி, நூற்றைம்பது கஜம் கீழே இருந்த ஒதுங்குமிடம் வரை இறக்கினார். கிளீனர் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின் சக்கரத்தை ஒட்டியே நடந்தார். லாரி நிற்கும்போதெல்லாம் கட்டையைச் செருகினார். வளைவில் விறகுக் கட்டு சரிவுப் பக்கம் சாய்ந்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. என்னால் வந்த வினை, பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. பதினெட்டு நிமிஷம் ஆயிற்று. நாங்கள் கடந்து போகும்போது மணி ஏழு ஐம்பது. நன்றி சொன்னேன். "கியர மாத்தாம எறங்குங்க," என்று மட்டும் சொன்னார்.

அதற்கு மேல் நான் ஹாரனைத் தொடவில்லை. நோர்வூட், ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று, ஏறி வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒதுங்கி நின்றேன். நிற்கும் ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்தேன். கச்சேரி வாசலை அடைந்தபோது பத்து மணி ஏழு நிமிஷம். அத்தான் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பியூன் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டாயிற்றாம், மூன்றாவது கூப்பாட்டுக்கு அவர் உள்ளே நுழைந்தார். விசாரணை நாற்பது நிமிஷம் நடந்தது. கடை லைசென்ஸ், பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் பார்த்தார்களாம். வெளியே வந்ததும் அக்கா அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஃபாக்டரிக்கு நடந்து போனேன். பெருமாள் விறகு இறக்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் விறகு ஒரு மணி நேரம் பிந்தியதால் தேயிலை உலர்த்தும் அடுப்பு எரியத் தாமதமாகி, ஃபாக்டரியை நடத்தும் டீமேக்கரிடம் நன்றாக ஏச்சு வாங்கியிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"அது கெடக்கட்டும்யா. உள்ள கூப்புட்டாங்களா?"

கூப்பிட்டார்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு தானாகவே சொன்னார். "எனக்கும் அம்பத்தஞ்சுல இந்தக் காகிதம் வந்திச்சு. அன்னிக்கு வெறகு லாரிக்கு வேற ஆள் இல்ல, அடுப்பு அணைஞ்சா கொழுந்து கெட்டுப்போயிரும், போவாதன்னு சொல்லிட்டாங்க. நானும் போவல. ஆள் இல்லன்னு ஃபைல மூடிட்டாங்க. நான் பொறந்தது இந்தா, வட்டவளையில. இப்ப எப்பவாச்சும் இந்தியாவுக்கு அனுப்பிருவாங்கன்னு பேசிக்கிறாங்க."

கொண்டுபோன வெற்றிலைக் கவுளியையும் ஆரஞ்சுப் பையையும் கொடுத்தேன். அதில் கிளீனருக்கும் பங்கு வைத்தார்.

போகிறவர்களுக்கு என் யோசனைகள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வளைவுக்கு முன்னால் ஒரே ஒரு நீண்ட ஹாரன் போதும். பத்து மைலுக்கு அரை மணி நேரம் வையுங்கள், மழையென்றால் முக்கால் மணி. பின்னோக்கி ஏற்றப் பழகாதவர்கள் தோட்டத்துப் பாதையில் காரை எடுக்கவே வேண்டாம், ஹட்டனில் டாக்ஸி கிடைக்கும். அவசரக் காரியமாக இருந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள். அத்தானுக்குச் சென்ற மாதம் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்துவிட்டது, ஐந்து பேர் பெயரும் அதில் இருக்கிறது.

இன்னொன்று. ஃபாக்டரியிலிருந்து நான் கிளம்பும்போது பெருமாள் வாசல் வரை வந்தார். நம் ஊரில் லாரி ஓட்டத் தன்னுடைய லைசென்ஸ் செல்லுமா என்று கேட்டார். செல்லாது, புதிதாக எடுக்க வேண்டும் என்றேன். ரோடு எப்படி இருக்கும் என்றார்.

"எங்க பக்கமெல்லாம் ஒரே சமதளம். ஏத்தமே கெடையாது," என்றேன்.

அவர் லாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப யாருய்யா யாருக்கு வழி விடுவாங்க?"