உயரப்படி உட்காரவும்

மரச்சாமான் கடையில் அவனுக்கு நெட்டை என்றுதான் பெயர். முதலாளி கூப்பிடுவதும் அப்படித்தான், கோபம் வந்தால் அவன் சம்சாரம் கூப்பிடுவதும் அப்படித்தான். விற்ற பீரோவையும் கட்டிலையும் வாங்கியவர் வீட்டு மாடிவரை ஏற்றிக் கொடுப்பது அவன் வேலை. அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. படியேறும்போது குள்ளமானவன் மேல்பக்கம் பிடிக்க வேண்டும், நெட்டையானவன் கீழ்ப்பக்கம். அப்போதுதான் பீரோ சாயாது. பாரம் முழுக்கக் கீழே நிற்பவன் தோளில் வந்து இறங்கும். மேலே இருப்பவன் "பாத்து, பாத்து, மெதுவா" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டே பின்னோக்கிப் படியேறுவான். வீட்டுக்காரம்மா தண்ணீர்ச் சொம்பை முதலில் நீட்டுவதும் அவனிடம்தான்.

நெட்டைக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவன் பீரோ தூக்கியதில்லை. ஆனாலும் பிறந்ததிலிருந்து மேல்பக்கம் பிடித்தவன்.

தம்பி சின்ன வயதில் நோஞ்சான், குள்ளன். வீட்டில் பால் அவனுக்கு, முட்டை அவனுக்கு, விளக்குப் பக்கத்து இடமும் அவனுக்கு. "மூத்தவனுக்கென்ன, கல்லைத் தின்னாலும் வளருவான்" என்று அம்மா சொல்லிவிட்டாள். மூத்தவனும் வளர்ந்தான். வளர்ந்து வளர்ந்து வகுப்பின் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே இரண்டு வருஷம் ஒரே வகுப்பில் குந்தினான். அந்தச் சமயம் பார்த்து கொத்து வேலைக்குப் போன அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ள, மக்குப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினார்கள். கெட்டிக்காரப் பிள்ளை காலேஜுக்குப் போனான். எந்தத் தோளில் ஏறிப் போனான் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

தம்பி வரி அலுவலகத்தில் அதிகாரி ஆனான். தொந்தி வந்தது, சொட்டை வந்தது, பேச்சும் வந்தது. மைக் கிடைத்தால் விடமாட்டான். பள்ளிக்கூட விழாக்களுக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். எங்கே போனாலும் அதே பேச்சு. "நானும் என் அண்ணனும் ஒரே வீடு, ஒரே பானைச் சோறு, ஒரே பள்ளிக்கூடம். நான் முயன்றேன். அண்ணன் முயலவில்லை." இந்த இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைப்பான். கூட்டம் உச்சுக்கொட்டும். சொந்த அண்ணனைத் தெருத்தெருவாக விற்றுக் கைத்தட்டல் வாங்கும் பிழைப்பு.

இதில் வேடிக்கை, நெட்டையும் அதை நம்பினான். "மூளை மொத்தமும் அவனுக்குப் போயிடுச்சு, எனக்கு மிஞ்சுனது கால்தான்" என்று தானே சொல்லிச் சிரிப்பான். பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் "இது எங்க போகுதுங்க?" என்று கேட்பான். "ஏன், படிக்கத் தெரியாதா?" என்பார்கள். "தெரியாதுங்க" என்றுவிடுவான். கிட்டே வைத்தால் பேப்பரை எழுத்துவிடாமல் படிப்பான். அது வேறு, பஸ் வேறு என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் அவன்.

அவன் மகளும் அவனைப் போலவே நெட்டை. எட்டாம் வகுப்பு, கடைசி பெஞ்சு. எல்லாப் பாடத்திலும் முட்டை. ஒருநாள் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க பொண்ணு போர்டுல இருக்கறதைப் பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதுது. இந்த வருஷத்தோட நிறுத்திக்கோங்க. தையல் கத்துக்கொடுங்க. எல்லாருக்கும் படிப்பு வந்துடுமா?"

வீட்டுக்கு வந்து நெட்டை மகளை இரண்டு அறை விட்டான். அவள் அழவில்லை, அதற்கும் ஒரு அறை. சம்சாரம் குறுக்கே வந்து நின்றாள்.

"அறைஞ்சா மார்க்கு கொட்டுமா? அந்த ஹெட்மாஸ்டர் உங்க தம்பின்னா எழுந்து நிக்கறாரு. போய் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. இவ படிக்கணும். பீரோ தூக்கறவனுக்கு இவளைக் கட்டிக்கொடுக்க மாட்டேன்."

"நீ கட்டிக்கிட்டியே?"

"அதனாலதான் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனான். தம்பி சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த சோபாவை மாடியேற்றியதும் நெட்டைதான்.

"சிபாரிசு எனக்குப் பிடிக்காது அண்ணே. புள்ளைக்கு அறிவு இருக்கான்னு முதல்ல பார்க்கணும்" என்ற தம்பி, அவளைக் கதவோரம் நிறுத்தினான். "எங்க, அந்தச் சுவர்க் கடியாரத்தைப் பார்த்து மணி சொல்லு."

அவள் நாலு எட்டு நடந்து கடிகாரத்தடியில் போய் நின்று சரியாகச் சொன்னாள்.

"பாத்தியா? நின்ன இடத்துலேருந்து ஒரு மணி சொல்லத் தெரியல."

தம்பி மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், "நீங்க கண்ணாடியைக் கழட்டிட்டு அங்கேருந்து சொல்லுங்க பாப்போம்."

"எனக்குக் கண்ணு பார்வை கம்மிடி."

"அவளுக்கு மட்டும் என்ன, கழுகுக் கண்ணா? உங்க குடும்பம்தானே."

தம்பிக்குப் பழைய பெருமை பொங்கிவிட்டது. "எங்க டீச்சருக்கு என்மேல உயிரு. முதல் பெஞ்சு, அவங்க மூக்குக்கு நேரா நான். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்கறேன்னு அவங்களே கண்டுபிடிச்சு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் படிப்பு ஏறுச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. நெட்டை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். குள்ளமானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால். கடைசி பெஞ்சில் எவன் கண்ணைச் சுருக்கினால் எந்த டீச்சருக்குத் தெரியும்?

"எனக்கும் போர்டு கலங்கலாத்தான்டா தெரிஞ்சுது" என்றான்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே!"

"என்னன்னு சொல்றது? எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும், மூளை இருக்கறவன் புரிஞ்சுக்கறான்னு நெனச்சேன்."

தம்பி தொண்டையைச் செருமினான். மூளை வேகமாகத்தான் வேலை செய்தது. பெண்ணின் குறை கண் என்றால் அண்ணனின் குறையும் கண். அண்ணனின் குறை கண் என்றால் ஊரூராகப் பேசிய பேச்சு குப்பை. அதற்குப் பெண் மக்காக இருப்பதே மேல். "கண்ணு ஒரு சாக்குண்ணே. முயற்சி வேணும். நான் ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்றது முறையில்ல" என்று டிவியைப் போட்டான்.

அந்த வாரமே நெட்டை மகளைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனான். அவளுக்கு அளவு பார்த்த கடைக்காரர் இவன் மூக்கிலும் ஒன்றை மாட்டி வெளியே பார்க்கச் சொன்னார். நெட்டை தெருவை மேலும் கீழும் பார்த்தான்.

"இவ்வளவு அசிங்கமாவா இருக்கு!" என்றான்.

அவளுக்கு மட்டும் வாங்கினான். பீரோ பெரிதாகத்தான் இருக்கிறது, அதைத் தூக்க இது எதற்கு என்றுவிட்டான்.

மகளோடு ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போன அன்று ஆண்டு விழா. "இப்ப பேச நேரமில்ல, முக்கிய விருந்தினர் வந்துட்டாரு" என்று அவர் மேடைக்கு ஓடினார். விருந்தினர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்னால் உட்காரப் போன நெட்டையை ஒரு வாத்தியார் மடக்கினார். "மறைக்கும்யா, கடைசிக்குப் போ."

அங்கேயும் உயரப்படிதான்.

தம்பி ஆரம்பித்தான். ஒரே வீடு, ஒரே பானைச் சோறு. "நான் முயன்றேன். என் அண்ணன் முயலவில்லை." கண்ணாடியைக் கழற்றினான். கைக்குட்டையை எடுத்தான்.

நெட்டை எழுந்து நின்றான். "அந்த அண்ணன் நான்தான்டா! என்னைத் தெரியுதா?"

கூட்டம் திரும்பியது. தம்பி கண்ணைச் சுருக்கினான், கழுத்தை நீட்டினான். "யாரு... யாருங்க அங்க பேசறது?" என்று மைக்கிலேயே கேட்டான்.

கடைசி வரிசையிலிருந்து மகள் புதுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கத்தினாள், "சித்தப்பா, அது எங்கப்பா! உங்க சட்டையில ஒரு பட்டன் போடல, அதுகூட இங்கேருந்து எனக்குத் தெரியுது!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல் வரிசையில் தம்பி மனைவி எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள். ஹெட்மாஸ்டர் மைக்கை வாங்கி, "இந்த மாணவிக்குப் பார்வைக் குறை இருந்ததைப் பள்ளி உடனே கவனித்து..." என்று என்னமோ அளந்தார். கவனித்த மூஞ்சியைப் பார். ஆனால் அத்தனை பேர் முன்னால் சொன்னதால் பெண்ணைத் தையலுக்கு அனுப்ப முடியவில்லை. அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். போர்டைப் பார்த்து எழுதினாள். முட்டைகள் நின்றன.

தம்பி பேச்சை விட்டுவிடவில்லை. இப்போது அதில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. அண்ணன் மகளின் கண் குறையைத் தன் வீட்டுக் கடிகாரத்தை வைத்துத் தானே கண்டுபிடித்த கதை. அதற்கும் கைத்தட்டுகிறார்களாம்.

அடுத்த வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்து மாடிக்கு ஒரு பீரோ போனது. நெட்டை கீழ்ப்பக்கம் பிடித்து ஏறினான். படிக்கட்டுச் சுவரில் புதிய பலகை மாட்டியிருந்தார்கள். பாரத்தோடே நின்று, மூக்கை அதில் ஒட்டிப் படித்தான். மாணவர்கள் உயரப்படி உட்காரவும், கண்ணாடி அணிந்தவர்கள் மட்டும் முன்வரிசையில் உட்காரவும்.

ஹெட்மாஸ்டர் பக்கத்தில் நின்று சிரித்தார். "எல்லாம் உங்க பொண்ணாலதான்."

"கண்ணாடி போட்டவளுக்குப் பின்னாலேருந்தே தெரியுமே சார். போடாதவன்தானே இன்னும் கடைசியில குந்தியிருக்கான்?"

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுப்பா. பீரோவை ஏத்துங்க."

படிக்கு எதிரே ஒரு வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. கடைசி பெஞ்சில் ஒரு ஓங்குதாங்கான பையன். அவன் கண்ணைச் சுருக்குகிறானா இல்லையா என்று நெட்டைக்கு அங்கிருந்து தெரியவில்லை. பீரோவைப் படியிலேயே இறக்கி வைத்துவிட்டு அந்தக் கதவை நோக்கி நடந்தான்.

மேலே பிடித்திருந்த குள்ளன் அலறினான். "டேய் நெட்டை! பாத்து, பாத்து! எங்கடா போற?"