சுவரில்லாத கழிப்பறைக்குச் சுவர் கட்டியவள்

பெர்னி என்று எல்லோரும் கூப்பிடும் பெர்னடெட் ஹுடாக்கின் வீட்டு நிலவறையில், நட்டநடுவே, ஒரு கழிப்பறைப் பீங்கான் தன்னந்தனியாக நின்றது. சுவர் கிடையாது, கதவு கிடையாது, ஒரு திரைச்சீலைகூடக் கிடையாது. ஒரு பக்கம் துணி துவைக்கும் தொட்டி, மறுபக்கம் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன். மொனங்ககேலா ஆற்றங்கரை எஃகு ஆலைகளை நம்பி வாழ்ந்த அந்த மலைச்சரிவு ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான். ஆலையிலிருந்து கரி பூசிய முகத்தோடு வருகிறவன் பின்வாசல் வழியாக நேரே நிலவறைக்குள் நுழைந்து, கை கால் கழுவி, மனிதனாக மேலே ஏற வேண்டும். அதற்காக வைத்தது.

ஆலை மூடிப் பல வருஷங்கள் ஆன பிறகும் அதை விடாமல் பயன்படுத்தியவர் ஒருவர்தான். பெர்னியின் மாமனார் யானோ. எழுபத்தெட்டு வயது. காலையில் சீட்டியடித்தபடி அரசர்போல வீற்றிருப்பார். அழுக்குத் துணிக் கூடையோடு இறங்கும் பெர்னி பாதிப் படியில் நின்று தொண்டையைச் செருமுவாள்.

"வா வா. நான் பாட்டுக்கு இருக்கேன், நீ பாட்டுக்குத் துவை," என்பார் அவர்.

மேலே இருந்தது ஒரே ஒரு குளியலறை. கணவன் லென், வேலைக்குப் போகும் இரண்டு மகள்கள், பெர்னி என்று நான்கு பேர் அதன் கதவைத் தட்டினார்கள். பெர்னி ஒன்பது பிள்ளைகளில் ஆறாவதாகப் பிறந்தவள். பள்ளிச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷமாக நானூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு ஆக்கிப் போட்டவள். ஐம்பத்துமூன்று வயதில் எண்ணிப் பார்த்தால், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, யாரும் தட்டாமல் அரைமணி நேரம் குளித்ததாக அவளுக்கு ஒரு நாள்கூட நினைவில்லை.

நிலவறையில் ஒரு முழுக் குளியலறை கட்டித் தருவதாக ரூடி ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரூடி லென்னின் தங்கை டாலியின் கணவர். குழாய் வேலையில் ஊரிலேயே பெயர் வாங்கியவர். "அடுத்த சனிக்கிழமை வந்துடறேன்" என்பது அவர் வாயில் வணக்கம் சொல்வதுபோலப் பழகிவிட்டது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கிறிஸ்துமஸ் விருந்தில், புளிப்புக் காளான் சூப்பை உறிஞ்சியபடியே ரூடி மறுபடி அதைச் சொன்னார்.

"ஈஸ்டருக்குள்ள முடிச்சிடலாம் பெர்னி."

"எந்த ஈஸ்டர்? வருஷத்தையும் சேர்த்துச் சொல்லு, காலண்டர்ல எழுதி வைக்கிறேன்."

மேஜையே சிரித்தது. ரூடிக்குக் காது சிவந்தது. "அவ்வளவு அவசரம்னா நீயே கட்டிக்கோயேன்!"

"கட்டிக்கிறேன்."

"பியரோகிக் கொழுக்கட்டை மடிக்கிற கை குழாய் மாட்டுமா? பாத்து, சாக்கடைய வெண்ணெயில வறுத்துடப் போறே!"

பெர்னி எழுந்து போய் அடுத்த பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் பேசாமல் இருந்தால் முடிவு கட்டிவிட்டாள் என்று லென்னுக்குத் தெரியும். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான்.

புத்தாண்டு முடிந்ததும் நூலகத்திலிருந்து இரண்டு தடித்த புத்தகங்களை எடுத்துவந்தாள். பள்ளியில் பிள்ளைகள் சாப்பிட்டுப் போனபின், உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து படித்தாள். நகராட்சி அலுவலகத்தில் அனுமதி கேட்டு விண்ணப்பம் நீட்டியபோது, அங்கிருந்த பெண், "வேலை செய்யப் போறது யாருங்க?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"இல்லீங்க, யாரு செய்யறாங்கன்னு..."

"அதான் சொன்னேனே, நான்தான்."

வீட்டில் எதிர்ப்பு வந்தது யானோவிடமிருந்து. "சுவரா? எதுக்கு? நாற்பது வருஷமா இங்க உக்கார்றேன். யாராவது பாத்துப் பயந்து ஓடியிருக்காங்களா?"

"நான் ஓடியிருக்கேன் அப்பா," என்றாள் பெர்னி. "வாரத்துக்கு மூணு தடவை."

ஒரு சனிக்கிழமை, கான்கிரீட் உடைக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, லென்னும் அவளுமாகப் படியில் இறக்கினார்கள். முதல் ஐந்து நிமிஷம் அவள் இயந்திரத்தைப் பிடித்தாளா, இயந்திரம் அவளைப் பிடித்ததா என்று தெரியவில்லை. பல்லெல்லாம் ஆடியது. மேலே அலமாரியில் தட்டுகள் நடனமாடின. அப்புறம் பிடி கிடைத்தது. பள்ளியில் பெரிய மாவுப் பாத்திரத்தை இடுப்பால் முட்டுக்கொடுத்துப் பிசைவதுபோல, உடம்பைச் சாய்த்து நின்றுகொண்டாள். மாலைக்குள் பீங்கானைச் சுற்றித் தரை பிளந்து கிடந்தது. தலைமுதல் கால்வரை வெள்ளைத் தூசியோடு அவள் மேலே வந்தபோது சின்னப் பெண் அலறியேவிட்டாள்.

ஆனால் மண்ணை அள்ளியபோதுதான் சங்கதி தெரிந்தது. தரைக்கடியில் ஓடிய பழைய இரும்புக் கழிவுக் குழாயின் கீழ்ப்பாதி துருவேறி, தொட்டால் அப்பளம்போல உதிர்ந்தது. வீட்டுக் கழிவு முழுக்க எத்தனை வருஷமாக மண்ணுக்குள் இறங்கியதோ! இனி யாரும் எந்தக் குழாயையும் திறக்க முடியாது. பெர்னி வீம்பை ஒதுக்கிவைத்துவிட்டு ரூடியைக் கூப்பிட்டாள்.

"எதையும் தொடாதே! நாளைக்குக் காலையில முதல் வேலையா வர்றேன்," என்றார் அவர்.

மறுநாள் மதியம்வரை காத்திருந்து மறுபடி கூப்பிட்டாள். டாலிதான் எடுத்தாள். குரலே இறங்கியிருந்தது.

"அவரு... ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிட்டாரு பெர்னி. ஐஸ்ல ஓட்டை போட்டுப் பிடிக்கற அளவுக்கு நல்லா கெட்டியா உறைஞ்சிருக்காம்."

பெர்னி போனை மெதுவாக வைத்தாள். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

மூன்று நாள் அந்தக் குடும்பம் எதிர்ச்சாரியிலிருந்த தீயணைப்பு நிலையத்துக் கழிப்பறையை நம்பி வாழ்ந்தது. பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பனியில் ஓடினார்கள். யானோ வாயில் வந்ததையெல்லாம் தன் தாய்மொழியான ஸ்லோவாக்கில் திட்டியபடி, தொப்பியும் மேலங்கியுமாக ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதுபோலக் கிளம்பினார். முதல் தடவை போனவர் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார். முகத்தில் ஏதோ யோசனை.

"அங்க கதவு இருக்கு," என்றார். "தாழ்ப்பாள் போட்டேன். உள்ள கதகதன்னு இருக்கு. ஒருத்தன் நிம்மதியா யோசிக்கலாம்."

அதற்குமேல் அவர் சுவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறுநாள் தாமாகவே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, சுவருக்கு ஆகும் பழைய பலகைகளிலிருந்து ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

பெர்னி பள்ளிவிட்டு வந்ததும் பள்ளத்தில் இறங்குவாள். கெட்ட இரும்பை அறுத்தெடுத்து, ரப்பர் வளையத்தால் பிளாஸ்டிக் குழாயைச் சேர்த்து, பசை தடவிப் பொருத்தினாள். குளிக்கும் இடத்துக்கு ஒன்று, கைகழுவும் தொட்டிக்கு ஒன்று, கூரைவரை ஏறும் காற்றுக் குழாய் ஒன்று. எல்லாம் முடிந்து, நகராட்சி ஆய்வாளர் ஸ்ட்ரோப் வந்தார். நெட்டையான, சிரிக்காத மனிதர். மண்டியிட்டு, சரிவு பார்க்கும் ரசமட்டத்தைக் குழாய்மேல் வைத்தார். நடுவில் வைத்தார். மறுபடி வைத்தார்.

"மிசஸ் ஹுடாக், இங்க நாலடிக்கு வாட்டம் பின்பக்கமா போகுது. தண்ணி உங்க வீட்டுக்கே திரும்பி வரும். எடுத்துட்டுப் புதுசாப் போடணும்."

"மொத்தமுமா?"

"இந்த இணைப்புலருந்து அந்த இணைப்புவரைக்கும்." சிவப்புச் சீட்டை எழுதிக் கொடுத்தவர், படியேறும்போது நின்றார். "காற்றுக் குழாயைச் சரியா வெச்சிருக்கீங்க. முக்காவாசிப் பேர் அதுலதான் கோட்டை விடுவாங்க."

அவர் போனபின் பெர்னி கடைசிப் படியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். லென் ஒரு தட்டு நிறைய முட்டைக்கோஸ் நூடுல்ஸ் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ரம்பமும் கைவிளக்கும் எடுத்துவந்தான். அவள் தட்டைக் காலி செய்தாள். பிறகு இருவருமாக நாலடியையும் அறுத்தெடுத்தார்கள். இந்த முறை ஒவ்வோர் அடி நீளத்துக்கும் கீழே கூழாங்கல்லை இறுக்கி, ரசமட்டத்தைக் கையிலிருந்து கீழே வைக்காமல் குழாயை இறக்கினாள்.

ஸ்ட்ரோப் இரண்டாம் முறை வந்தபோது, குழாயின் வாயையெல்லாம் அடைத்து, தண்ணீர் நிரப்பி, மட்டத்துக்குப் பென்சிலால் கோடு போட்டுவிட்டுக் காத்திருந்தார். பெர்னி அடுப்பிலிருந்து இறக்கிய பியரோகியை நீட்டினாள். "வேலை நேரத்துல வாங்கக் கூடாது," என்றார். அரைமணி ஆனது. தண்ணீர் ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப என் சாப்பாட்டு நேரம்," என்று சொல்லி எட்டு பியரோகி சாப்பிட்டார்.

அதன்பின் வேலை ஓட்டமாக ஓடியது. கான்கிரீட் போட்டாள். மரச்சட்டம் நிறுத்திப் பலகை அடித்தாள். டைல்ஸ் ஒட்டும் கலவையின் பதத்தைப் பார்க்க அவளுக்குப் புத்தகமே தேவைப்படவில்லை. ஈரமும் இறுக்கமும் விரலுக்குத் தெரிந்தன. மஞ்சள் டைல்ஸ் வேண்டுமென்று அவள் சொன்னபோது பெண்கள் மூக்கைச் சுளித்தார்கள். "உங்க வீட்ல நீங்க நீலம் ஒட்டுங்க," என்றாள்.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம், எல்லோரையும் மேலே விரட்டிவிட்டு, பெர்னி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். வெந்நீரைத் திறந்தாள். தோளில் விழுந்த தண்ணீர் கால்வழியே இறங்கி, ஒரு சுழி சுழித்து, சத்தமில்லாமல் போனது. அது போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு வந்தது. நாற்பது நிமிஷம் கழித்து லென் படியிலிருந்து கத்தினான்.

"பெர்னி! உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்! போ அந்தப் பக்கம்!"

ஈஸ்டருக்கு ரூடியும் டாலியும் வந்தார்கள். ஹாம், முள்ளங்கிச் சட்னி, முட்டைப் பாலாடைக்கட்டி எல்லாம் மேஜையில் ஆற, ரூடி நேரே நிலவறைக்கு இறங்கினார். குழாயைத் தட்டினார். தண்ணீரைத் திறந்தார், மூடினார். பீங்கானைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அது ஆடவில்லை. கடைசியில் கதவு மூலையில் குனிந்து, "இந்த டைல்ஸ் வரிசை கொஞ்சம் கோணல்," என்றார்.

"ஆமா, கோணல்தான்," என்றாள் பெர்னி. "அன்னிக்கு யானோ அப்பா ஜோக் சொல்லிட்டிருந்தாரு."

டாலி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தவள் புருஷன் பக்கம் திரும்பவேயில்லை.

"பெர்னி, எங்க வீட்டு நிலவறைய நீ பாத்திருக்கேயில்ல? கல்யாணமான வருஷத்துலருந்து நானும் அடுத்த சனிக்கிழமை, அடுத்த சனிக்கிழமைன்னு கேட்டுட்டிருக்கேன். நீ எப்ப வர்றே?"

"அடியே, நான் இருக்கும்போதா?" என்றார் ரூடி.

"நீ இருக்கறதாலதான்," என்றாள் டாலி.

யானோ சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. லென் முதுகைத் தட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஜூனில் பள்ளிக்கு விடுமுறை விட்ட மறுநாளே, பெர்னி புதுப் பூட்ஸ் போட்டுக்கொண்டு டாலி வீட்டு நிலவறையில் இறங்கினாள். தரையில் சாக்கட்டியால் கோடு கிழித்து, எங்கே உடைக்க வேண்டும் என்று காட்டினாள். ரூடி மூன்று சனிக்கிழமை, ஒன்றுகூடத் தவறாமல், மண் அள்ளினார்.