கழுவி விட்ட தரை

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று ஆரம்பித்தால், இப்படிப்பட்ட கதை சொல்கிற எல்லாருமே அப்படித்தானே ஆரம்பிக்கிறார்கள் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், ராகு காலத்தில் பெண் பார்க்கப் போனவன், பொங்கலில் கிடக்கும் மிளகைக்கூட எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். எண்ணி முடிக்க முடியாத எதையும் நான் நம்பியதில்லை. இந்த ஒன்றுதான் எந்தக் கணக்கிலும் வராமல் நிற்கிறது. அதுவும் நடுநிசியில் நடந்திருந்தால் ஏதோ அரைத்தூக்கம் என்று விட்டிருப்பேன், நடந்ததோ சித்திரை மாதத்து உச்சி வெயிலில்.

2006 என்று வைத்துக்கொள்ளுங்கள். பணி ஓய்வு பெற்ற பிறகு பெரம்பலூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் என்னை ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்த்திருந்தார்கள். ஆக்மெண்டட் ரியாலிட்டி என்று பெயர். அதாவது, கண்ணில் ஒரு கனமான கண்ணாடியை மாட்டிக்கொள்ள வேண்டும், அதன் முன்னால் ஒரு கேமரா, உள்ளே இரண்டு குட்டித் திரை, பின்னால் வயர் போட்டு ஒரு லேப்டாப். கறுப்புக் கட்டம் அச்சடித்த அட்டைகளைக் குச்சியில் குத்தி வெற்று நிலத்தில் நட்டுவிட்டால், கேமரா அவற்றைப் பார்த்துக் கணக்குப் போட்டு, அந்த இடத்தில் இல்லாத வீட்டை இருப்பதுபோல் நிற்க வைக்கும். கணக்கு என்னுடையது, புரோகிராம் ஜமால் எழுதியது. ஜமால் லப்பைக்குடிக்காட்டுக்காரர், சொந்தக்காரர்கள் பாதிப்பேர் துபாயில் இருக்க, இவர் மட்டும் எங்கள் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தார்.

சோதித்துப் பார்க்க ஒரு வீடு வேண்டும் என்றபோது நான் என் வீட்டையே கொடுத்தேன். என் வீடு என்றால், கட்டாத வீடு. நானும் என் மனைவி கனகமும் அதுவரை பதினொரு வாடகை வீடு மாறியிருந்தோம். வாலிகண்டபுரத்துக்கு வெளியே ஒரு மனை மட்டும் வாங்கிப் போட்டிருந்தோம். சென்னையில் இருக்கும் மகன், அதை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். கனகத்துக்கோ ஒரு நாளாவது சொந்த வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும். "ஒரு தடவ கண்ணால பாத்துடறேங்க. மனசு ஒப்புச்சுன்னா கட்டுவோம், இல்லன்னா வித்துட்டு அவன்கிட்டயே போயிடுவோம்" என்றாள். ஆகவே அன்றைய சோதனை கல்லூரிக்கு ஒரு வேலை, எங்களுக்கு ஒரு தீர்ப்பு.

அட்டைகள் மொத்தம் ஒன்பது, நானே நட்டேன். வெயிலில் திரை வெளுத்துப் போகும் என்பதால் கேமரா மட்டும் வெளியே தெரியும்படி தலையோடு ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு முதலில் நான்தான் மாட்டினேன். வீடு நின்றது. வாசற்படி வரைக்கும் போனவன், என்னை அறியாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன்.

ஜமால் சிரித்துவிட்டார். "சார், அது வெறும் காடு சார்! நெருஞ்சி முள்ளு குத்தப் போவுது, செருப்ப மாட்டுங்க."

"அறுபது வருஷப் பழக்கம்யா" என்றேன். சொல்லிக்கொண்டே கால் வைத்தேன், தரை குளிர்ந்திருந்தது.

நம்பினால் நம்புங்கள், கரிசல் மண், மழை பெய்து மாதக்கணக்காகிறது, செருப்பில்லாமல் ஒரு நிமிஷம் நிற்க முடியாத சூடு. எனக்கு உள்ளங்காலில் ஜில்லென்று இருந்தது. கண் ஏமாந்தால் காலும் ஏமாறும்போல என்று நினைத்துக்கொண்டேன், இதை ஒரு கட்டுரையில் எழுதலாம் என்றுகூட நினைத்தேன். ஜன்னல்களை எண்ணினேன், கல்லூரியில் நாங்கள் போட்ட வரைபடத்தில் ஆறு, உள்ளேயும் ஆறு. கண்ணாடிக்குள் ஒரு பிழையும் இல்லை. பேசாமல் வெளியே வந்து கழற்றிக் கொடுத்தேன்.

அடுத்து கனகம். அவளும் வாசலில் செருப்பைக் கழற்றினாள். "ஆமா, புருசனும் பொண்டாட்டியும் சொல்லி வச்ச மாதிரி" என்று ஜமால் கேலி செய்துகொண்டே, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். அவள் படி தாண்டியதுமே லேப்டாப் சூட்டில் அணைந்துவிட்டது.

"அம்மா, நில்லுங்க, மெஷின் நின்னு போச்சு" என்றார். அவள் நிற்கவில்லை. தலையில் கறுப்புத் துணி, கண்ணில் அணைந்த திரை. ஒன்றும் தெரிந்திருக்க முடியாது. நான் வரைபடத்தைக் கையில் விரித்துக்கொண்டு பார்த்தேன். கூடத்தில் நடந்தாள், சுவர் வரவேண்டிய இடத்தில் நின்றாள், நிலைப்படி வரவேண்டிய இடத்தில் காலைத் தூக்கி வைத்தாள், படுக்கையறையிலிருந்து சமையலறைக்குக் குறுக்கே போகாமல் கூடத்துக்குத் திரும்பி வந்து சுற்றிக்கொண்டு போனாள். ஜமால் வயரைப் பிடித்தபடி சுவருக்குள்ளெல்லாம் புகுந்து அவள் பின்னால் ஓடினார். சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றவள் சட்டென்று திரும்பி, நுனிக்காலில், அவசரமாக வெளியே வந்தாள்.

"என்னம்மா தெரிஞ்சிச்சு?" என்றார் ஜமால்.

"வூடுதான் தெரிஞ்சிச்சு. செவப்புத் தரை போட்டு, லட்சணமா."

ஜமால் என்னைப் பார்த்தார். தரைக்கு நேரமில்லை என்று வெறும் சாம்பல் நிறம்தான் கொடுத்திருந்தார்.

"புடிச்சிருக்கா?" என்றேன். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நமக்கு வேணாங்க. அங்க ஆள் இருக்காங்க." செருப்பை மாட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள். "இப்பத்தான் தரைய கழுவி விட்டிருக்காங்க, காயவே இல்ல. பாவம், ரெண்டு பேரும் மிதிச்சு வச்சிட்டோம்."

தரை குளிர்ந்திருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. இதை ஆயிரம் முறை யோசித்துவிட்டேன், சொல்லவில்லை.

"யா அல்லாஹ்" என்று ஜமால் தன் ஷூவைப் பார்த்தார். ஷூ முழுக்கக் கரிசல் புழுதி, சாக்ஸில் நெருஞ்சி முள். என் உள்ளங்காலைத் தூக்கிப் பார்த்தேன். துடைத்து விட்டதுபோல் இருந்தது. கனகத்தின் காலைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

வீட்டுக்கு வந்து, அப்படியானால் விற்றுவிடலாமா என்று கேட்டேன். "ஆள் இருக்கற வூட்ட எப்படிங்க விக்கறது?" என்றாள். அவ்வளவுதான், இன்றுவரை கட்டவும் இல்லை, விற்கவும் இல்லை. மகன் கோபித்துக்கொண்டு, பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டான். நாங்கள் இப்போது அவனோடு மூன்றாவது மாடியில் இருக்கிறோம், அடுப்பு மருமகளுடையது. கனகம் ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை, அதுவும் எனக்குப் புரியவில்லை. ஜமால் அந்த வருஷமே துபாய் போய்விட்டார். சூட்டில் லேப்டாப் கெட்டது, அம்மாவுக்குப் படம் மனப்பாடம் ஆகியிருக்கும் என்று போனில் எனக்கு ஆறுதல் சொல்வார். ஆனால் கனகம் அந்த வரைபடத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போய் மனையின் எல்லைக் கற்களை எண்ணிவிட்டு வருகிறேன். நான்கும் இருக்கும். திரும்பி வந்ததும் கனகம், "உள்ள போயிட்டீங்களா?" என்று கேட்பாள், பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்பது மாதிரி. இல்லை, வெளியேதான் நின்றேன் என்பேன். நிஜமாகவே வெளியேதான் நிற்கிறேன், ஒரு அடிகூட உள்ளே வைத்ததில்லை. அட்டையும் இல்லை, குச்சியும் இல்லை, கண்ணாடியும் இல்லை, நான்கு பக்கமும் ஒரே முள்ளும் புல்லும்தான். அந்த வெற்று நிலத்தில் வெளியே எது, உள்ளே எது என்று எனக்கு எப்படித் தெரிகிறது?